இரண்டு ஆடு, மூன்று குட்டி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் குனியச் சொன்னால் முறைக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே குளிர் விட்டுவிட்டது, வேலியோரம் புல் பச்சை பிடித்துவிட்டது, கோழிகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் அடை உட்கார்ந்துவிட்டன, காலையில் முட்டைக்கு வழியில்லை. ஆண் வாத்து என் கால்சட்டையைப் பிடித்து இழுப்பதை இன்னும் விடவில்லை. ஓய்வு பெற்றதும் நிம்மதியாக நாலு ஆடு வளர்க்கலாம் என்று சொன்னவன் நான்தான், மறுக்கவில்லை, ஆனால் இந்த வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். ஈனுவதற்குத் தயாராக இருந்த இரண்டு ஆடுகளை, கிழவியையும் தலைச்சன் பிரசவக்காரியான புதுப்பொண்ணையும், ஒரே தடுப்பில் விட்டிருந்தோம். பார்த்தால் இரண்டும் ஈன்றிருக்கின்றன, வைக்கோலில் மூன்று குட்டிகள். கிழவி ஒன்றை நக்கிக்கொண்டிருக்கிறது, புதுப்பொண்ணு ஒன்றை நக்கிக்கொண்டிருக்கிறது, மூன்றாவது இரண்டிடமும் மாறி மாறிப் போய் முட்டு வாங்குகிறது. போன வருஷம் கிழவி இரட்டை போட்டது, அதனால் இது அதனுடையதுதான் என்றேன் நான். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை, கிழவிக்குக் கணக்குத் தெரியும்ங்க, அந்தப் புதுசுக்குத்தான் தான் பெத்தது ஒண்ணா ரெண்டான்னே தெரியல என்றாள். நான் ஒரு ஆட்டைப் பிடிக்க, அவள் இன்னொன்றைப் பிடிக்க, குட்டியை இங்கும் அங்குமாக வைத்துப் பார்த்தோம். இரண்டுமே உதைத்தன. மதியத்துக்குள் அது துவண்டுவிட்டது. அம்மா அதை முந்தானையில் சுற்றி அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய், அட்டைப்பெட்டியில் போட்டு, கிழவியிடம் கறந்த சீம்பாலைப் புட்டியில் கொடுத்தாள். பாதி குடிக்கும், பாதியைக் கக்கும். பிழைக்குமா பிழைக்காதா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

இது போதாதென்று அடுத்த தடுப்பில் இருந்த சீமாட்டி காலையிலிருந்து கத்தித் தீர்த்தது. மற்ற ஆடுகளை முட்டுகிறது என்று தனியாக அடைத்து வைத்திருந்தோமே, அதுதான். அது ஈன இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்பது என் கணக்கு. தீனி தொடவில்லை, நடுப்பலகைப் பக்கமே நின்று கத்தல். கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டு ஆடு கத்துகிறது, சாப்பிடவில்லை என்று சொன்னேன், வயித்துல காத்து சேர்ந்திருக்கும், மருந்து ஊத்துங்க என்றார். இரண்டு வேளை ஊற்றினோம். இரண்டாவது வேளை அப்படியே என் முகத்தில் துப்பியது. அப்புறமும் கத்தியது. அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அம்மா குட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். நான் கிழவியின் கழுத்தைப் பிடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து நம் நாய் மேனேஜர், வழக்கம்போல ஒரு வேலையும் செய்யாமல் மேற்பார்வை பார்க்க உள்ளே நுழைந்துவிட்டது. கிழவி என்னை உதறிக்கொண்டு ஒரு மூலைக்கு ஓட, புதுப்பொண்ணு இன்னொரு மூலைக்கு ஓட, அவரவர் குட்டி அவரவர் பின்னால். அம்மா இறக்கிவிட்ட குட்டி மட்டும் நடுவில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. படார் என்று ஒரு சத்தம். சீமாட்டி பலகையை உடைத்துக்கொண்டு வந்து குட்டிக்கு முன்னால் நின்று நாயைப் பார்த்து முன்காலைத் தரையில் ஓங்கி உதைத்தது. மேனேஜர் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியே போனது. குட்டி நேராகச் சீமாட்டியின் வயிற்றுக்கு அடியில் புகுந்தது, வால் ஆடிய ஆட்டத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

குனிந்து பார்த்தேன், மடி பானைபோல வீங்கியிருந்தது. பலகைக்கு அடியில் ஒரு சாண் சந்து, அதில் ஈரம் காய்ந்த ரோமம் ஒட்டியிருந்தது. ஈன்ற கையோடு குட்டி அந்தப் பக்கம் நழுவிவிட்டிருக்கிறது. ஒன்றரை நாளாகச் சீமாட்டி தான் பெற்றதைக் கேட்டுக் கத்தியிருக்கிறது, நாங்கள் வாயு மருந்து ஊற்றியிருக்கிறோம். அம்மா வைக்கோலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பலகை அடிக்க வந்த பக்கத்துத் தோட்டத்துத் தச்சர், முப்பத்தொரு வருஷம் தபால் பிரிச்ச மனுஷனுக்கு மூணு குட்டியை விலாசம் பார்த்துச் சேர்க்கத் தெரியலையா என்று சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே இறங்கவில்லை.

ஏனென்றால் அன்று படுத்த பிறகு போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியது ஞாபகம் வந்தது. நல்லாத்தான் இருக்கேன்பா, தூக்கம்தான் சரியில்ல என்றாய். சூடாகப் பால் குடி என்று சொல்லிவிட்டு நான் கோழிக் கதைக்குப் போய்விட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய், லைன் சரியில்லை என்று நினைத்தேன். லைன்தானா? அம்மாவிடம் கேட்டால், ஆட்டைப் பார்த்துட்டு வந்து மகளுக்கு வைத்தியம் பார்க்காதீங்க, அவ எப்பவும் அப்படித்தான் பேசுவா என்கிறாள். இருக்கலாம். ஒன்றுமில்லாததைப் பெரிதாக்குகிறேனோ, பெரியதைக் கவனிக்காமல் விட்டேனோ, எனக்கு நிஜமாகவே புரியவில்லை கண்ணு. ஒன்றுமில்லை என்றால் அப்பாவுக்குக் கிறுக்கு என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரி. ஏதாவது இருந்தால் சுற்றி வளைக்காதே, வா என்று ஒரு சொல் போதும். கொட்டகையைத் தச்சர் பார்த்துக்கொள்வார், கேட்டுவிட்டேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். வாசல் கதவுப் பூட்டு இறுகுகிறது என்றாயே, சாவித்துவாரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும்போது பார்க்கிறேன், அம்மா பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் திறந்து வெயிலில் வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். பூஞ்சை வாடை அடிக்குது, அதான் என்றாள். தன் இரண்டு நல்ல புடவைகளையும் கொடியில் காயப்போட்டிருக்கிறாள்.