பதினெட்டாவது மீட்டரில் ஒரு சாண்

பிப்ரவரி 3

நிலவியல் துறைக் கிடங்கைக் காலி செய்து தரச் சொல்லித் துறைத்தலைவர் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் மலைச்சரிவுப் பெட்டிகளைத் திறந்தேன். ஒன்பது வருடங்களுக்கு முன் துளைபோட்டு எடுத்த உருளைக் கற்கள், வரிசை குலையாமல் இருக்கின்றன. பதினெட்டாவது மீட்டரில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கல் இல்லை. இடத்தை அடைக்க ஒரு மரக்கட்டை வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு சாண் எங்கே போயிற்று?

பிப்ரவரி 4

பழைய குறிப்பேட்டில் என் கையெழுத்து: “18 மீ. கல் வரவில்லை. டிரில்லர் அவசரம்.” அவ்வளவுதான்.

பிப்ரவரி 9

அன்று துளை போட்ட அந்த டிரில்லரைத் தேடிப் பிடித்தேன். ஊரே அவரை மீசைக்காரர் என்று கூப்பிடும். இப்போது மீசை இல்லை, பெயர் மட்டும் மிச்சம்.

“நான் அவசரப்படல மேடம். அந்த எடத்துல மெஷின் தானா எறங்குச்சு. மேல வந்த தண்ணி சாம்பல் கலர். உங்ககிட்ட சொன்னேன். ‘சரி சரி, அடுத்தது போடுங்க’ன்னீங்க.”

சொன்னாரா? எனக்கு நினைவே இல்லை. சாம்பல் தண்ணீர் என்றால் களிமண்ணாக இருக்கலாம். பாறைக்கு நடுவே வழுக்கும் களிமண். துளை போடும்போது ஊற்றும் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டதோ? அப்படியென்றால், ‘சரிவு முழுதும் ஒரே பாறை, அசையாது’ என்று நான் எழுதிய கட்டுரை?

பிப்ரவரி 10

அந்தக் கட்டுரையை நம்பித்தான் அங்கே மருத்துவமனை கட்டப்போகிறார்கள். பேராசிரியர் பதவிக்கு அடுத்த மாதம் எனக்கு நேர்காணல். அங்கே நான் காட்டப்போவதும் அதைத்தான். பயமாத்தான் இருக்கு. ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாக்காம இருக்க முடியல.

பிப்ரவரி 12

மறுபடி துளை போட்டுப் பார்க்கவேண்டும் என்று துறைத்தலைவரிடம் சொன்னேன். அவர் சொன்னது: “நேர்காணல் முடியட்டுமே. மலை எங்க போகப்போகுது?”

அதானே சார் கேள்வி, என்று வாய்வரை வந்தது.

மார்ச் 1

மருத்துவமனைப் பொறியாளர் அனுமதி தந்தார். பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதிய துளை. பதினேழு மீட்டர் தாண்டியதும் மீசைக்காரர் தண்ணீரைக் குறைத்து, அங்குலம் அங்குலமாக இறக்கினார். குழாயைத் திறந்தால் நான்கு விரல் கனத்துக்குக் களிமண். பிளந்தேன். உள்ளே கண்ணாடிபோலப் பளபளப்பு. எல்லாக் கீறலும் ஒரே திசையில். இந்த மலை முன்பே ஒருமுறை நகர்ந்திருக்கிறது.

எவ்வளவு அழகு என்றுதான் முதலில் தோன்றியது. மருத்துவமனை நினைவுக்கு வந்தது அப்புறம்தான்.

“இதத்தான் தேடுனீங்களா மேடம்?”

“அன்னைக்கே தேடியிருக்கணும். நீங்க சொன்னத கேக்கல. என் தப்பு.”

அவர் களிமண்ணை என் கையிலிருந்து வாங்கினார். காயாமலிருக்க ஈரத்துணியைச் சுற்றிக் கொடுத்தார்.

மார்ச் 2

பொறியாளருக்கும், கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் கடிதம் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 19

நேர்காணல்.

“உங்க கட்டுரைய நீங்களே தப்புன்னு எழுதியிருக்கீங்களே?”

“ஆமா.”

களிமண்ணைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் மனசுக்கு ஆறல.

ஆகஸ்ட் 27

பதவி வேறொருவருக்குப் போய் நாலு மாதமாகிறது. மருத்துவமனைக்கு இப்போது மலையடிவாரத்தில், சமதரையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். திருத்தக் கட்டுரை இன்று அச்சில் வந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் மீசைக்காரரின் முழுப்பெயர்.

சாயங்காலம் என் பழைய அறிக்கைகளையெல்லாம் கூடத்தில் பரப்பினேன். ‘உறுதியான தரை’ என்று நான் எழுதிக்கொடுத்த இடங்கள் இன்னும் பதினொன்று. என் வீட்டுக்காரர் கால் வைக்க இடமில்லாமல் வாசற்படியிலேயே நின்றார்.

“எல்லாத்தையும் தோண்டப்போறியா?”

“போய்ப் பாத்துட்டாவது வரணும்.”

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். “சரி, இதுல எந்த எடம் பக்கத்துல இருக்கு?”