பதினேழாம் எண் கைகள்

20 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து முதல் நாள். வார்டில் கால் வைக்க இடமில்லை. லீவில் நன்றாகத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி ஜில்லாவும் வந்திருக்கிறது.

ஷமீரா வந்தாள். எனக்குக் கீழ் தீசிஸ் எழுதும் மூன்றாம் ஆண்டு சர்ஜரி பி.ஜி. மாணவி. வீடியோக்கள் தயாராம். ஆட்டுக் குடலின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தைத்துச் சேர்க்க வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகள் முதல் என்னைப் போன்ற பேராசிரியர் வரை எல்லோரும் செய்து கொடுத்திருக்கிறோம். படத்தில் கையுறை போட்ட கைகள் மட்டும். முகம் கிடையாது, குரல் கிடையாது, பெயருக்குப் பதில் எண். யார் கை என்று தெரியாமல் மூன்று மூத்த டாக்டர்கள் மார்க் போட வேண்டும், அதில் நான் ஒருவன். அனுபவசாலிக்குக் கூடுதலாகவும் கற்றுக்குட்டிக்குக் குறைவாகவும் விழுந்தால் எங்கள் அளவுகோல் சரியாக அளக்கிறது என்று அர்த்தம்.

"உங்க வீடியோவும் இதுல இருக்கு சார். அடையாளம் தெரிஞ்சா மார்க் போடாம விட்டுடுங்க" என்றாள்.

என் கை எனக்குத் தெரியாதா? நல்ல கேள்வி.

23 ஜனவரி

ஒரு வழியாகப் பார்த்து முடித்தேன். பன்னிரண்டாம் எண் அழகான வேலை. என்னுடையதாகத்தான் இருக்கும் என்று மார்க் போடாமல் விட்டுவிட்டேன்.

பதினேழு — ஐயோ! இடுக்கியால் குடலை நசுக்குகிறான். நூலை இழுக்கிற இழுப்பில் ஓரம் கிழிகிறது. அவசரம், அலட்சியம். எல்லாவற்றுக்கும் அடிமட்ட மார்க். குறிப்பு எழுதும் இடத்தில், "இவரை நோயாளியின் அருகில் விடக்கூடாது" என்று எழுதினேன். யாரென்று சொல்ல வேண்டுமா? இரண்டாம் ஆண்டு வெற்றிசெல்வன்தான். ஆபரேஷன் தியேட்டரில் அவன் கை நடுங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

24 ஜனவரி

இன்று கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது.

காலை வகுப்பில் பதினேழைத் திரையில் போட்டேன். ஷமீரா பதறினாள். மற்ற இரண்டு டாக்டர்களும் இன்னும் மார்க் போடவில்லையாம். "அவங்கதான் இங்க இல்லையேம்மா, ரெண்டு நிமிஷம்தான்" என்றேன். வெற்றிசெல்வனை எழுந்து நிற்கச் சொன்னேன்.

"தம்பி, இது குடலா, கோணிச்சாக்கா? நெல்லு மூட்டை தைக்கிறவன் இதைவிட ஒழுங்கா தைப்பான்யா. உன் கைதானே இது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான்.

"இனிமே என் தியேட்டர்ல நீ ஊசியைத் தொடக்கூடாது."

"சரிங்க சார்."

கண்டிக்காமல் கை வருமா? என்னை மட்டும் யார் தட்டிக்கொடுத்து வளர்த்தார்கள்?

29 ஜனவரி

வெற்றிசெல்வன் வரவில்லை. காய்ச்சலாம். வரும், வரும்.

4 பிப்ரவரி

படிப்பை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். இந்த மாதக் கடைசிக்குள் வந்து திரும்பப் பெறாவிட்டால் சீட்டு போயே போச்சு. டீன் கூப்பிட்டுக் கேட்டார். "சர்ஜரி எல்லாருக்கும் வராதுங்க சார்" என்று பெரிய மனிதன்போல் சொல்லிவிட்டு வந்தேன்.

ராத்திரி சாப்பாட்டில் சந்திரலேகா கேட்டாள்: "அந்தப் பையன் அப்படி என்னதான் பண்ணுனான்?"

"தைக்கத் தெரியல."

"அதைக் கத்துக்கத்தானே உங்ககிட்ட வந்தான்?"

சாம்பாரில் உப்பு இல்லை என்று பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

10 பிப்ரவரி

எழுதவே கூசுகிறது.

மூன்று பேர் மார்க்கும் வந்துவிட்டதால் ஷமீரா இன்று எண்களுக்குரிய பெயர்களைத் திறந்தாள். என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், பதினேழு..."

"வெற்றிதானே?"

"இல்லைங்க சார். நீங்க."

நான் ரசித்த பன்னிரண்டு, முதலாண்டு அபிநயாவாம். வெற்றிசெல்வனுக்கு நடுத்தரமான மார்க். குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினேழுக்கு மற்ற இருவரும் என்னைப் போலவே அடிமட்ட மார்க்தான் போட்டிருக்கிறார்கள். ஆக, அதில் சந்தேகமே இல்லை.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்தேனா? "அன்னிக்கு டூட்டி முடிஞ்ச அவசரத்துல பண்ணதும்மா. அதைக் கணக்குல சேர்க்காதே, எடுத்துடு" என்றேன். தனக்குப் பிடிக்காத தரவைத் தூக்குவது திருட்டு என்று ஆய்வு முறை வகுப்பில் வருஷா வருஷம் முழங்குகிறவன் நான்தான்.

"சரிங்க சார்" என்றாள். அவன் சொன்ன அதே "சரிங்க சார்".

சீ. என்ன பிழைப்பு இது.

12 பிப்ரவரி

அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் நின்று எடுத்தது. கை தலைகீழாகத் தெரிகிறது, அதனால்தான் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் கிழிந்தது குடல்தானே? இப்படி எத்தனை வயிற்றுக்குள் அவசரப்பட்டிருப்பேன்?

இன்று தியேட்டரில் ஒவ்வொரு தையலையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். நர்ஸ் கமருன்னிஸா மெதுவாகக் கேட்டார்: "என்ன சார், உடம்பு சரியில்லீங்களா?"

நான் நிதானமாகத் தைத்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்!

13 பிப்ரவரி

வெற்றிசெல்வனுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவன் அப்பா அய்யாவு. பின்னால் மீன் ஏலம் போடும் சத்தம்.

"சபரிநாதன் டாக்டருங்களா? ஐயா, பெரிய மனசு பண்ணி மன்னிச்சிக்குங்க. என்ன தப்பு பண்ணுனான்னு பய வாயே தொறக்க மாட்டேங்குறான். நாலு அறை வேணும்னாலும் வைங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். படிப்பை மட்டும் விடச் சொல்லாதீங்கய்யா."

செய்தவன் நான், மன்னிப்புக் கேட்கிறவர் அவர். தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நேர்ல வரேங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோழைப் பயல்.

16 பிப்ரவரி

போனேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல அரை மணி நேரம் நின்றது வண்டி. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் வழியெல்லாம் ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். அதுவும் ஒரு சாக்காகத் தெரிந்தது.

வெற்றிசெல்வன் நாற்காலி எடுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"அந்த வீடியோ உன்னுது இல்லப்பா. என்னுது."

அழுவான், இல்லை கத்துவான் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு ஸ்டாண்டு உடைஞ்சிருந்துச்சு. உங்களுக்கு எதிர்ல நின்னு போனைப் புடிச்சதே நான்தான் சார்."

எனக்கு நினைவே இல்லை. எதிரில் ஒருவன் கை வலிக்க நின்றிருக்கிறான், அவன் யாரென்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்போ வகுப்புலயே சொல்றதுக்கு என்னய்யா?"

"மத்த ரெண்டு சாரும் அப்ப மார்க் போடலையே. பேச்சு அவங்க காதுக்குப் போனா ஷமீராக்காவோட தீசிஸ் கெட்டுரும். மார்க் போட்டு முடியிற வரைக்கும் யார் கைன்னு உயிரே போனாலும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க."

கடவுளே. நான் நடத்திய பாடத்தை ஒருவன் கேட்டிருக்கிறான்.

"சரி, உன்னுது இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் படிப்பை விடுறே?"

"உங்க முன்னாடி நின்னா மட்டும்தான் கை நடுங்குது சார். வேற எங்கயும் நடுங்கல. ஆனா உங்ககிட்டதானே நான் படிச்சாகணும்?"

திரும்பி வா என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். வருகிறேன் என்றான். "ஆனா உங்க யூனிட்டு வேணாம் சார். வேற சாருக்குக் கீழ போட்டுடுங்க."

கிளம்பும்போது அய்யாவு ஒரு பை நிறைய மீன் கொடுத்தார். "புள்ளையைத் தேடி இம்புட்டு தூரம் வந்தீங்களே ஐயா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவரிடமும் நடந்ததைச் சொன்னேன். சரியாகக் காதில் வாங்கினாரா தெரியவில்லை. பையன் படிப்பான் என்பதே அவருக்குப் போதுமாயிருந்தது. சந்திரலேகா குழம்பு வைத்தாள். எனக்கு இறங்கவில்லை.

17 பிப்ரவரி

வெற்றிசெல்வனின் யூனிட் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். ஷமீராவைக் கூப்பிட்டு, பதினேழை எடுக்க வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

"எடுக்கலைங்க சார்."

"அன்னிக்குச் சரின்னு சொன்னியே?"

"சொன்னேன். எடுக்கலை."

14 மார்ச்

துறைக் கூட்டத்தில் ஷமீரா முடிவுகளைக் காட்டினாள். திரையில் இருந்த வரைபடத்தில் மூத்தவர்களின் மார்க்குப் புள்ளிகள் எல்லாம் மேலே கூட்டமாக. அதே நிறத்தில் ஒன்று மட்டும் அடியில் கிடந்தது.

"யாரும்மா அந்த மகராசன்?" என்று டீன் சிரித்தார்.

"பேர் சொல்லக்கூடாதுங்க சார்."

எழுந்தேன். "என்னுதுங்க. இதை வெற்றிசெல்வனோடதுன்னு சொல்லி வகுப்புல எல்லார் முன்னாடியும் அவனைக் கேவலப்படுத்தினேன். அது என் கை."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கடைசி வரிசையில் வெற்றிசெல்வனைத் தேடினேன். முகத்தில் ஒரு நிம்மதியாவது தெரியும் என்று நப்பாசை. அவன் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான்.