இறங்க மறுக்கும் கோப்புகள்

மார்ச் 3, செவ்வாய்
மறுபடியும் அதே கதை. அலுவலகம் அனுப்பிய ஒலிப்பதிவு இறங்குவதற்குள் ஒரு தூக்கமே போட்டுவிடலாம். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்பினால்தான் எங்களுக்குச் சோறு. கைபேசியில் நெட் பறக்கிறது; லேப்டாப்பில் மட்டும் நொண்டுகிறது. மோடத்தைக் கட்டிலுக்கே தூக்கி வந்தாயிற்று. ம்ஹூம்.

மார்ச் 4, புதன்
வை-ஃபை அடாப்டரின் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பவர் சேவிங்கை அணைத்தேன். "தலைகீழாப் புடிச்சுப் பாரேன்மா" என்கிறாள் மகள். வாய்க்கொழுப்பு!

மார்ச் 6, வெள்ளி
யுஎஸ்பி அடாப்டர் வாங்கிச் செருகினேன். அதுவும் நொண்டுகிறது. அப்படியென்றால் கோளாறு அடாப்டரில் இல்லை. பின்னே எங்கே?

மார்ச் 7, சனி
கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தினார்.
"உள்ள வர்றதுல பிரச்சனை இல்லக்கா. இதுலேருந்து வெளிய போய்க்கிட்டே இருக்கு. படம், சத்தம், எல்லாம். அதான் வழி அடைச்சு நிக்குது. கேமரா எப்பவும் ஓடுது."
"யாருக்குப் போகுது?"
"தெரியலக்கா. ஆனா நீங்க எங்க இருக்கீங்கன்னும் சேர்ந்துதான் போயிருக்கு. இதை யாரு குடுத்தாங்க?"
அம்மா. பேத்தி படிப்புக்கென்று பேருந்து நிலையத்தில் வைத்துக் கொடுத்தாள். அம்மாவுக்கே என் விலாசம் தெரியாது. என் புருஷனுக்குத் தெரியக்கூடாது என்றுதானே வேலை, ஊர், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மாற்றினேன்? என் கையை முறித்த மனுஷன்... ஐயோ, லேப்டாப் வாங்க அம்மாகிட்ட ஏது காசு? எனக்கு ஏன் உறைக்கவே இல்ல?
உள்ளே ஒளிந்திருந்த அந்த வேவு புரோகிராம் சனியனைக் கடைக்காரர் அழித்துவிட்டுப் போனார்.

மார்ச் 8, ஞாயிறு
கண் மூடித் திறப்பதற்குள் கோப்பு இறங்கிவிட்டது. மகள் கைதட்டினாள்.
அம்மாவுக்குப் போன் செய்து கத்தினேன். அவளோ சந்தோஷமாக இருந்தாள்.
"ஆமாடி, மாப்பிள்ளை வாங்கினதுதான். சொல்ல வேணாம்னாரு. அவரு திருந்திட்டாரு. காலையிலகூட வந்தாரு. நீ படுக்குற ரூம் ஜன்னலுக்குத் திரையே இல்லையாமே? ரொம்ப வருத்தப்பட்டாரு. ஒண்ணு வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டாரு, பாவம்."
அம்மா இந்த வீட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. திரை இல்லாததை நான் யாரிடமும் சொன்னதுமில்லை.
மகளிடம் பள்ளிப்பையைக் காலி செய்து இரண்டு கவுன் வைக்கச் சொன்னேன். எதற்கென்று இந்த முறை அவள் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறாள்.