பந்தியில் உங்களுக்கும் ஓர் இலை

அண்ணே,

இன்று காலை, ஆங் மோ கியோ அடுக்குமாடியில் எங்கள் எதிர்வீட்டில் முந்திரியை நெய்யில் வறுத்தார்கள். அந்த வாசனை நடைக்கூடத்தில் ஊர்ந்து வந்து என்னைத் தொட்டபோது மணி பத்தாகப் பத்து நிமிடம். கண்களை மூடினேன். 1961ஆம் ஆண்டின் டன்லப் தெரு, மழை விட்ட பிறகு வரும் மங்கிய ஒளியோடு மெல்லத் திறந்துகொண்டது.

குடும்பங்களை ஊரில் விட்டுவந்த நாம் எட்டுப் பேர், அங்கே ஒரே மாடியில் குடியிருந்தோம். அவ்வாண்டு மார்ச்சில் (மற்றவர்கள் ஏப்ரல் என்பார்கள், தவறு) உங்களுக்கு முதல் நெஞ்சுவலி வந்தது. நெய்யும் பொரித்ததும் ஆகாது, மறுமுறை வந்தால் பிழைப்பது கடினம் என்றார் மருத்துவர். அழைத்த வீட்டில் கை நனைக்காமல் எழுவது நம்மவரிடையே அவமதிப்பு. உங்களுக்கோ மறுக்கத் தெரியாது. ஆகவே நானே வீடு வீடாகச் சென்று, உங்களை எந்த விருந்துக்கும் அழைக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். உங்கள் உயிரைக் காப்பதாகவே நம்பினேன்.

நீங்கள் மெலிந்தீர்கள். பேச்சும் மெலிந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிறு, சிராங்கூன் சாலை மண்டபத்தில் ஒரு திருமணம். முதல் பந்தி தொடங்குமுன் காற்று வாங்க வெளியே வந்தேன். எதிர்ப்புற நடைபாதையில், சலவைச் சட்டையுடன், நாகசுரம் கேட்டபடி நின்றுகொண்டிருந்தீர்கள்.

"இங்க என்னண்ணே பண்றீங்க?"

"பத்தியம் நெஞ்சுக்குத்தானே காலண்டரு, காதுக்குமா?" தேதி பிசகாத என்னை அப்படித்தான் அழைப்பீர்கள். பிறகு தணிந்த குரலில் சொன்னீர்கள்: "வலி வந்தப்பகூட இப்படி இல்லப்பா. அஞ்சு மாசமா ஒருத்தரும் கூப்பிடல. நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டாங்க போல."

கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றேன். உங்கள் இலையில் சோறும் கீரையும் ரசமும் மட்டும் வைக்கச் சொன்னேன். பரிமாறியவர் நெய்க்கிண்ணத்துடன் தயங்கினார்.

"அவருக்கு வேணாம். எனக்கு ஊத்துங்க."

"எனக்கும் சேத்து இவனே முழுங்கிடுவான்லா" என்றீர்கள். வரிசை முழுவதும் சிரித்தது.

அதன்பின் எந்தப் பந்தியையும் நீங்கள் தவறவிடவில்லை. 1968 ஜூனில், ஒரு வியாழன் பிற்பகல், அந்த நெஞ்சு ஓய்ந்தது. சுற்றிலும் நாங்கள் ஐவர் இருந்தோம். ஏழாண்டுகளைத் தந்தது ரசமா, கூட்டமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

இப்போது எனக்கும் அதே பத்தியம். சென்ற வாரம் ஒரு நண்பர் விருந்துக்கு அழைத்தார். "அப்பாவ இனிமே கூப்பிடாதீங்க அங்கிள்" என்று என் மகன் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தான். அதை வாங்கி, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டேன்.