கார்பன் ஃபைபர் மூடியும் புண்ணில் விழுந்த கறுப்புச் சிராய்களும்

அனுப்புநர்:
செவிலியர் (தற்காலிகப் பணிநீக்கத்தில்),
வீட்டுச் சிகிச்சைப் பிரிவு,
ஆற்றோரக் குடியிருப்புச் சுற்று.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது மருத்துவப் பணிகள் இயக்ககம்.

பொருள்: செவிலியர்களுக்கு வழங்கப்பட்ட கார்பன் ஃபைபர் மடிக்கணினிகளின் மூடி கீல் ஓரத்தில் பிளந்து சிராய் உதிர்வது, அது நோயாளியின் புண்ணில் விழுந்ததை மறைக்க முயல்வது குறித்து நேரடி விசாரணை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடு தேடிச் சென்று புண் கழுவுவதும் கட்டு மாற்றுவதும் என் வேலை. சீழைப் பார்த்தோ மலத்தைப் பார்த்தோ நான் முகம் சுளித்ததில்லை. இந்த மனுவை மிகுந்த அருவருப்போடு எழுதுகிறேன். அந்த அருவருப்பு எந்த நோயாளியாலும் வந்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. முன்பு எங்களிடம் இருந்தவை உலோக மூடி போட்ட மடிக்கணினிகள். அவற்றின் கனம் தோளை இறக்கிவிடும். என்னுடையது ஒருமுறை மாடிப்படியில் உருண்டு மூலை நசுங்கியது. நசுங்கிய மூலையோடு அது பாட்டுக்கு வேலை செய்தது. அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கார்பன் ஃபைபர் மூடி போட்ட புதியவற்றைத் தந்தார்கள். அறிமுகக் கூட்டத்தில் விற்பனைப் பிரதிநிதி ஒரு கணினியை மூடி வைத்து, அதன் நட்டநடுவில் ஏறி நின்று காட்டினார். "விமானம் செய்யற பொருள் இது. உங்க பேரப்பிள்ளைங்க காலத்துலயும் இப்படியே இருக்கும்" என்றார். எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். தோள்வலிக்காரர்கள் கொஞ்சம் பலமாகவே தட்டினோம்.

3. எங்கள் வேலை நடக்கும் விதத்தைத் தாங்கள் அறிய வேண்டும். நோயாளியின் அறையில் மேசை இருக்காது. இருந்தாலும் அதில் மருந்துப் புட்டிகளும் சிறுநீர்க் குவளையும் நிறைந்திருக்கும். கணினியை மூடினால் நோயாளியின் பதிவு தானாகப் பூட்டிக்கொள்ளும்; இது நமது துறை வைத்த விதி. பிறகு மறுபடி கடவுச்சொல், மறுபடி கைபேசிக்கு வரும் எண், அது வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆகவே நாங்கள் யாரும் மூடுவதில்லை. திறந்தபடியே திரையின் இடது மூலையைப் பிடித்துக்கொண்டு அறைக்கு அறை போவோம். பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல் இடுப்பில் சாய்த்துக்கொண்டு மறு கையால் நாடி பார்ப்போம். பிரிவில் அத்தனை பேருக்கும் இதே வழக்கம்தான். இதை நாங்கள் ஒளித்துச் செய்யவில்லை. கண்காணிப்பாளரே உடன் வந்து பார்த்திருக்கிறார்.

4. அந்த மூடியின் பலமெல்லாம் நடுவில் இருக்கிறது. நடுவில் ஏறி நிற்கும் வேலை எங்களுக்கு இல்லை. நாங்கள் பிடிக்கும் பிடியின் பாரம் முழுவதும் மூடியை உடலோடு இணைக்கும் இடது கீலில் இறங்குகிறது. உலோகமாக இருந்தால் வளைந்து, கோணி, முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். இது பல மாதம் பளபளவென்று சாதுவாக இருந்துவிட்டு ஒருநாள் திருகாணியைச் சுற்றிப் பிளக்கிறது. வெங்காயச் சருகுபோல் அடுக்கு அடுக்காகப் பிரிகிறது. பிரிந்த ஓரத்திலிருந்து முடியைவிட மெல்லிய கறுப்புச் சிராய்கள் உதிர்கின்றன. கையுறையையும் தாண்டி விரலில் ஏறும். ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, வலிமட்டும் தெரியும். கார்பன் ஃபைபர் மட்டமான பொருள் என்று நான் வாதாடவில்லை. விமானத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கலாம். விமானத்தை யாரும் மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை.

5. பிரிவில் பெரும்பாலான கணினிகள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. புகார் சொன்னால் "நீ என்ன செய்தாய்?" என்று விளக்கம் கேட்பார்கள் என்ற பயத்தில் எல்லோரும் பிளந்த இடத்தில் பிளாஸ்டர் சுற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டோம். நானும் சுற்றினேன். மருந்துக் கிடங்குக்காரர் ஒருமுறை, "என்னம்மா, நோயாளிய விட லேப்டாப்புக்குத்தான் பிளாஸ்டர் அதிகமா போகுது போல" என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பே கசக்கிறது.

6. என் நோயாளிகளில் ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சர்க்கரை நோயால் குதிகாலில் ஆறாத புண். அவருடைய மனைவியின் பராமரிப்பால் அது ஆறிக்கொண்டு வந்தது. கடந்த மாதம் ஒருநாள் நான் கட்டைப் பிரித்தபோது ஓரமெல்லாம் சிவந்து வீங்கி, நாற்றம் அடித்தது. உள்ளே கறுப்பாக ஏதோ கிடந்தது. அந்த அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "என்னம்மா இது, முடியா?" என்று கேட்டார். இடுக்கியால் எடுத்தேன். வளையாமல் ஒடிந்தது. கைகழுவும் திரவம் பட்டுப் பட்டு என் கணினியின் பிளாஸ்டர் பசை விட்டிருந்தது. அதன் அடியிலிருந்த சிராய்தான் முந்தின முறை கட்டுப் போடும்போது விழுந்திருக்கிறது. அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், மருத்துவருக்கும் தெரிவித்தேன், எடுத்ததை மாதிரிக் குப்பியில் போட்டு கணினியோடு கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்தேன்.

7. கணினி சர்வீஸ் சென்டருக்குப் போனது. நானும் உடன் போனேன். அங்கிருந்தவர் கீல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கார்பன் ஃபைபர் உடையாது மேடம். உடைஞ்சிருக்குன்னா நீங்கதான் போட்டு உடைச்சிருக்கீங்க" என்றார். உடையாது என்று விற்றார்கள், உடைந்தது, உடையாது என்பதையே சாட்சியாக்கி என்னைக் குற்றவாளி ஆக்கினார்கள். இந்த நியாயத்தில் ஒரு பொருள் எவ்வளவு பலமானதோ அவ்வளவுக்கு அதை வாங்கியவன் அயோக்கியன்.

8. அலட்சியத்தால் கணினியைச் சேதப்படுத்தியதாகவும், புண்ணில் கிடந்தவை என் தலைமுடி என்றும் எனக்குக் குறிப்பாணை வந்தது. தற்காலிகப் பணிநீக்கமும் செய்தார்கள். ஐயா, என் தலை முழுவதும் எப்போதோ நரைத்துவிட்டது. நான் சாயம் பூசுவதில்லை. இதை அலுவலகத்தில் சுட்டிக்காட்டியபோது கண்காணிப்பாளருக்குக் கொஞ்சமும் வெட்கம் வரவில்லை. சிறிது யோசித்துவிட்டு, "அப்போ அந்த வீட்டம்மாவோட முடியா இருக்கும். நீ பார்த்தேன்னு எழுதிக் குடுத்துடு, நாளைக்கே டூட்டில சேர்ந்துக்கோ" என்றார். குப்பியைக் கேட்டேன். தேடினால் கிடைக்கவில்லையாம். தானே தலையசைத்து வாங்கிய பொருளுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. சீழை விரலால் தொட்டிருக்கிறேன். அந்த அறையின் நாற்காலியைத் தொடக் கூசியது. எழுதித் தர மறுத்துவிட்டேன்.

9. நான் மறுத்ததும் கண்காணிப்பாளரின் உதவியாளர் அந்த ஓட்டுநரின் வீட்டுக்கே போயிருக்கிறார். "உங்க முடி விழுந்துதான் புண்ணு பழுத்திடுச்சு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கேட்க, அந்த அம்மாவும் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி நான் ஓடினேன். அந்த அம்மா சமையலறைக் கத்தரிக்கோலால் தன் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, மிச்சத்தைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். காதோரம் கத்தரி பட்ட காயம். கணவரின் அறைக்குள் போவதில்லை. சோற்றுத் தட்டை அறை வாசலில் வைத்துத் துடைப்பக் கட்டையால் தள்ளிவிடுகிறார். "நீ என்னைச் சமாதானப்படுத்தத்தான சொல்ற. ஆபீஸ்ல இருந்தே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்களேம்மா" என்கிறார். வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவளின் பேச்சு அவரிடம் எடுபடவில்லை. உள்ளே அவர் கணவர், "எங்க அவ? கிட்டயே வர மாட்டேங்கறா. நான் என்ன பண்ணேன்?" என்று என்னைக் கேட்டார்.

10. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

பிரிவிலுள்ள எல்லாக் கணினிகளையும் பிளாஸ்டரைப் பிரித்துப் பார்த்து, பிளந்தவற்றை நோயாளிகளின் வீடுகளுக்குக் கொண்டுபோவதை உடனே தடை செய்ய வேண்டும். நம்பிக்கை வராவிட்டால் இடது கீலில் தங்கள் வெறும் விரலை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். இனி வாங்கும்போது நடுவில் ஏறி நிற்பவரை நம்பாமல், நாங்கள் பிடிக்கும் இடத்தில் பிடித்துச் சோதிக்க வேண்டும். குப்பி எங்கே போனது என்று கண்காணிப்பாளரைக் கேட்க வேண்டும். என் வேலையைப் பற்றிப் பிறகு முடிவு செய்துகொள்ளுங்கள், அது காத்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அலுவலக முத்திரையோடு ஒருவரை அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். தபாலில் உத்தரவு அனுப்ப வேண்டாம். அந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கண் ஒத்துழைக்காது. போகிறவர் அவரிடம் "உங்க முடி இல்லம்மா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் திரும்பிவிடாமல், அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கணவரின் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு வர வேண்டும்.

இடம்: ஆற்றோரக் குடியிருப்பு
நாள்: ஆகஸ்ட் 9

தங்கள் நேர்மையை இன்னும் நம்பும்,
(கையொப்பம்)
செவிலியர்