ஒன்பதரை மணி நேரம்

அன்புள்ள அப்பா,

"ரெண்டு நாள் பிளேன்ல உட்காரணுமேன்னு முழங்காலுக்கு உறை வாங்கிட்டேன்மா. உன் அம்மா இருந்தா கிழவனுக்குப் பவுசைப் பாருன்னு சிரிச்சிருப்பா" என்று நேற்று போனில் சொன்னீர்கள்.

இரண்டு நாள் கணக்கைச் சொன்னது நான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மூன்று விமானம் ஏறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றேன். டிக்கெட் போடுவதே என் வேலை என்பதால் நம்பினீர்கள். "அவ என்ன அடுத்த தெருவுலயா இருக்கா?" என்று அத்தையிடம் எனக்காகச் சண்டையும் போட்டீர்கள்.

ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். நேர் விமானத்தில் ஒன்பதரை மணி நேரம். அம்மா அதற்குப் பிறகு ஆறு நாள் இருந்தாள். அவளை அப்படிப் பார்க்கப் பயந்தேன்.

இன்று உங்களுக்கு டிக்கெட் போடும்போது, அந்தப் பொய்யைக் காப்பாற்ற, முப்பத்தோரு மணி நேரம் சுற்றி வரும் வழி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பயணியின் வயது எழுபத்திரண்டு என்று அடித்ததும் கை நின்றுவிட்டது.

நேர் விமானத்திலேயே போட்டு, டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். வர மனமில்லை என்றால் ரத்து செய்துவிடலாம். அதிலிருக்கும் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். எடுப்பது நான்தான்.

உங்கள் மகள்