கட்டை விரலுக்கு ஒரு ஓட்டை

ஞாயிறு, இரவு

அப்பாவின் செருப்பு தைக்கும் கடையில் இன்று நான் மட்டும்தான் இருந்தேன். வேகப்பந்து போடும் அக்கா காலையில் கொடுத்துவிட்டுப் போன ஷூவுக்கு அடிப்பாகத்தைத் தைத்தேன். இடது ஷூவின் முனையில் ஓட்டை இருந்தது. பாவம் என்று அதையும் தோல் வைத்து அடைத்தேன்.

மாலையில் வந்த அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னாடி, நானே வெட்டுன ஓட்டைய அடச்சி வெச்சிகீற? நாளைக்கு செலக்‌ஷன் மேட்ச்சு.”

அவர் செருப்பைக் கழற்றி இடது காலைக் காட்டினார். கட்டை விரல் நகம் கறுத்துப் பாதி பெயர்ந்திருந்தது.

“ஒவ்வொரு பந்துக்கும் மொத்த ஒடம்பும் இந்தக் கால்லதான் வந்து எறங்கும். வெரலு போய் ஷூவுல முட்டும். ஓட்ட இல்லன்னா மீதி நகமும் பூடும்.”

“வலிக்காதாக்கா?”

“வலிக்கும். அதுக்காகப் பந்து போடாம இருப்பாங்களா?”

ஓட்டையை அடைத்த தையலைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் ஷூவை மாட்டிக்கொண்டு நடைபாதையில் ஓடி வந்து இடது காலை ஊன்றினார். நான் உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்தது. நாளை முழுவதும் இதைத்தான் செய்யப்போகிறார்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் யாரும் இல்லாதபோது நானும் அப்படி ஓடிவந்து குதித்தேன். ஒரே ஒரு முறைதான். முட்டி இன்னும் வலிக்கிறது.